இரத்தப் பரிசோதனை முடிவு வழியில் தொலையாமல் இருக்க…

புக்கிட் மேரா வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில், ஊட்ரம் சாலையை ஒட்டி இருக்கிறது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. 1821ல் பிரிட்டிஷ் படையினருக்கான சிறிய மருத்துவமனையாகத் தொடங்கி, 1882ல் இன்றைய வளாகத்துக்கு இடம் மாறியது. இதுபோன்ற பெரிய மருத்துவமனை ஒன்றில் நீங்கள் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், உங்கள் பெயரும் எண்ணும் எத்தனை கணினிகளுக்குப் பயணம் செய்கின்றன தெரியுமா?

பதிவு முகப்பில் ஒன்று, மருத்துவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது இன்னொன்று. ஆய்வுக்கூடக் கருவிக்கு ஒன்று, வார்டில் தாதி பார்ப்பது ஒன்று. மருந்தகம், கட்டணப் பிரிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி. இவற்றுக்கு வெளியே, 2011ல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு. ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிறுவனம் வெவ்வேறு காலத்தில் செய்திருக்கும். இவற்றைப் பேசவைப்பதற்காகவே 1987ல் அமெரிக்காவில் ‘எச்எல்7’ என்ற பொதுத் தகவல் முறை உருவானது.

பொது மொழி மட்டும் போதாது. 10 கணினி அமைப்புகளை ஒன்றோடு ஒன்று நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். 20 அமைப்புகள் என்றால் 190. நடுவில் ஓர் ஒருங்கிணைப்புத் தளம் இருந்தால், 20 அமைப்புக்கு 20 இணைப்பு போதும். அந்தத் தளத்தின் அடித்தளமாக இருப்பதுதான் தகவல் வரிசை மென்பொருள்.

அஞ்சல் பெட்டி செய்யும் வேலை

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் கடிதம் பெட்டியில் கிடக்கும். தொலைபேசி அப்படியன்று, நீங்கள் எடுக்காவிட்டால் சொல்லவந்த செய்தி சொல்லப்படாமலே போகும். நேரடி இணைப்பு தொலைபேசியைப் போன்றது. தகவல் வரிசை அஞ்சல் பெட்டியைப் போன்றது.

ஆனால் இந்தப் பெட்டிக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. ஆய்வுக்கூடம் அனுப்பும் முடிவை முதலில் வட்டில் எழுதிக்கொண்டு, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் சொல்லும். பிறகு வார்டுக் கணினியிடம் கொடுக்கும். அங்கிருந்து ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை வரும்வரை தன் பிரதியை அழிக்காது. வார்டுக் கணினி பராமரிப்புக்காக இரண்டு மணி நேரம் நின்றிருந்தாலும், முடிவுகள் வரிசையில் காத்திருக்கும்.

இந்தத் தொழில்நுட்பம் மருத்துவமனைகளுக்காகப் பிறந்தது அன்று. ஐபிஎம் நிறுவனம் 1993ல் ‘எம்கியூ சீரீஸ்’ மென்பொருளை வெளியிட்டது. 2003ல் ஜேபி மோர்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா, எந்த நிறுவனமும் பயன்படுத்தக்கூடிய ‘ஏஎம்கியூபி’ என்ற பொது நெறிமுறைக்கு வித்திட்டார். அதைப் பின்பற்றி 2007ல் வந்த ‘ரேபிட் எம்கியூ’, எர்லாங் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகள் எப்படி வரிசையில் சேர்கின்றன என்று 1909ல் கணக்கிட்டுக் காட்டிய டென்மார்க் கணித அறிஞர் எர்லாங்கின் பெயரே அந்த மொழிக்கும்.

நிறுவும்போது கேட்கவேண்டியவை

மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது பெரிய வேலை அன்று. அதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை காணவேண்டும்.

முதலாவது: வரிசையைத் தாங்கும் கணினியே பழுதானால்? ஒரே தகவலைப் பல கணினிகளில் எழுதிவைப்பதே வழி. பெரும்பான்மைக் கணினிகள் உயிரோடு இருந்தால்தான் வரிசை இயங்கும். மூன்று கணினிகள் இருந்தால் ஒன்று விழலாம். நான்கு இருந்தாலும் ஒன்றுதான் விழலாம்! ஐந்து இருந்தால் இரண்டு. அதனால்தான் ஒற்றைப்படை எண்ணையே தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றையும் ஒரே மின்சுற்றில் பொருத்தினால் இந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை.

இரண்டாவது: வட்டு நிரம்பினால்? வாங்குபவர் நின்றுபோனால் வரிசை நீண்டுகொண்டே போகும். ரேபிட் எம்கியூவில் வட்டில் 50 மெகாபைட்டுக்குக் கீழ் இடம் குறைந்தால்தான் புதிய தகவல்களைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு முன்னமைவாக இருக்கிறது. சோதனைக்கு அது சரி. மருத்துவமனைக்குப் போதவே போதாது. நிறுவுபவர் அந்த எல்லையை உயர்த்தவேண்டும்.

மூன்றாவது: ஒரே தகவல் இரண்டு முறை வந்தால்? முடிவைப் பெற்ற வார்டுக் கணினி, ஒப்புகை அனுப்பும் நொடியில் இணைப்பு அறுந்தது என்று வையுங்கள். வரிசை அதே முடிவை மீண்டும் அனுப்பும். பரிசோதனை முடிவு இருமுறை பதிவானால் குழப்பம். மருந்து ஆணை இருமுறை பதிவானால் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும் தனி எண் இருக்கவேண்டும். ஏற்கெனவே பார்த்த எண் வந்தால், பெறும் கணினி அதை ஒதுக்கிவிடவேண்டும்.

நான்காவதுதான் மிக நுட்பமானது: வரிசை மாறினால்? இரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். முதல் முடிவு 6.8 என்றும், மறு சோதனைக்குப் பிறகு திருத்திய முடிவு 4.2 என்றும் ஆய்வுக்கூடம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது இயல்பான அளவு; முதலாவது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடிய அளவு. வேகத்துக்காக ஒரே வரிசையிலிருந்து நான்கு நிரல்கள் தகவல்களை எடுத்தால், 4.2 முதலிலும் 6.8 பின்னாலும் திரையேறலாம். மருத்துவர் எதை நம்புவார்? ஒரு நோயாளியின் தகவல்கள் அனைத்தையும் ஒரே நிரல் வழியாக அனுப்பினால் முறை பிறழாது.

ஐந்தாவது: யாருக்கும் புரியாத தகவலை என்ன செய்வது? பிறந்த தேதி தவறிய ஒரு தகவலைப் பெறும் கணினி திரும்பத் திரும்ப மறுக்கும். பின்னால் நூறு பேரின் முடிவுகள் நிற்கும். அத்தகையவற்றைத் தனியே ஒதுக்க, ‘சேராத மடல்’ வரிசை உண்டு. அதைத் தினமும் திறந்து பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்காவிட்டால், அது குப்பைத்தொட்டிதான்.

சாவி யாரிடம்?

எல்லாத் தகவலும் கடந்துபோகும் இடம் திருடர்களுக்கும் பிடித்த இடம். 2018ல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஊடுருவியவர்கள் வந்தது தகவல் வரிசை வழியாக அன்று. ஆனாலும் விசாரணைக் குழு சுட்டிய குறைகளில் ஒன்று இங்கும் பொருந்தும்: ஒரு நிர்வாகிக் கணக்கின் மறைச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தது. ரேபிட் எம்கியூவும் ‘கெஸ்ட்’ என்ற பயனர் பெயரோடும் அதே மறைச்சொல்லோடும்தான் வருகிறது. அதே கணினியிலிருந்து மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்றாலும், நிறுவிய அன்றே அந்தக் கணக்கை நீக்கவேண்டும். தகவல்கள் செல்லும் பாதையையும் மறையாக்கம் செய்யவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், உயிருக்கு ஆபத்தான முடிவுகளை ஆய்வுக்கூடங்கள் கணினியை மட்டும் நம்பி விடுவதில்லை. வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார்கள். கேட்டவர் நோயாளியின் அடையாளத்தையும் எண்ணையும் திருப்பிச் சொன்ன பிறகே தொலைபேசியை வைக்கிறார்கள். ‘அனுப்பினேன்’ என்பதோடு வேலை முடிவதில்லை, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்தால்தான் முடிகிறது. தகவல் வரிசை மென்பொருளுக்கும் அதே விதிதான்.