என் அலமாரி விமான நிலையம்

பணி ஓய்வு பெற்றவர்களைக் கண்டால், "பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். "விமானங்களோடு போகிறது" என்பேன் நான். செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் 62 பழைய பயணிகள் விமானங்கள் நிற்கின்றன. என் சகதர்மிணி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் 'பொம்மை'. தூசு துடைப்பது என் பொறுப்பு என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் அலமாரிக்கே அனுமதி கிடைத்தது!

பொம்மை அல்ல என்று வாதாட எனக்குக் காரணம் உண்டு. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கும் 'டை-காஸ்ட்' மாதிரிகள் இவை. அசலை 200, 400 அல்லது 500 மடங்கு சுருக்கியிருப்பார்கள். 70 மீட்டர் ஜம்போ, 400-இல் ஒரு பங்கானால் பதினேழரை சென்டிமீட்டர் சொச்சம். (இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளை வாங்குவோர் உஷார். கலவையில் ஈயம் சேர்ந்திருந்தால் உலோகம் தானே வெடித்து உதிர்ந்துவிடும்.) பதிவெண்ணும் பெயரும்கூட இருக்கும், படிக்க லென்ஸ் வேண்டும். ஆகவே அலமாரியில் நிற்பது ஏதோ ஒரு போயிங் அல்ல. இன்ன நாளில் பிறந்து இன்ன கதிக்கு ஆளான அந்த போயிங்.

இந்தக் கிறுக்கு அப்பா தந்தது. கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு பம்பாய் வந்தவர். கடைசிவரை விமானம் ஏறியதில்லை. ஞாயிறு மாலைகளில் எங்களை சாந்தாகுரூஸ் அழைத்துப் போய் மதிலோரம் நிறுத்துவார். சத்தத்தை வைத்தே வைகவுண்டா, காரவலா என்று சொல்லிவிடுவார்.

மேல் தட்டில் நிற்பது 'மலபார் பிரின்ஸஸ்'. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் புறப்பட்டு, ஏர் இந்தியாவின் வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கிவைத்த கான்ஸ்டலேஷன். 1950 நவம்பர் 3 அன்று ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் மோதியது. 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24 அன்று 'காஞ்சன்ஜங்கா' என்ற 707, விஞ்ஞானி ஹோமி பாபா உள்பட 117 பேருடன் அதே மலையில் மோதியது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்த மனம் வராமல் தட்டு மாற்றி வைத்திருக்கிறேன்.

ஒரு நவராத்திரிக்கு மூன்றாம் மாடி மாமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தார். கொலுவைப் பார்த்தவர் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். ஜன்னல்களைச் சுற்றிச் சிவப்பில் ராஜஸ்தானி வளைவுகள் வரைந்த ஜம்போ. "இதுக்கு என்ன பேர்?" என்றார். "எம்பரர் அசோகா" என்றேன், பெருமையாக.

1971-இல் வந்த ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ. 1978 ஜனவரி 1 இரவு துபாய்க்குக் கிளம்பிய சற்று நேரத்தில், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி கேப்டன் பக்கத்தில் பழுதாகி, பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

"எங்க அண்ணா அதுலதான் போனான்" என்றார் மாமி. பத்து வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது.

அன்றிரவே அதை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து சுண்டல் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவர் காலி இடத்தைப் பார்த்தார்.

"ஏன் எடுத்தேள்? அவன் போன விமானத்தை நான் கண்ணாலேயே பார்த்ததில்லே. வழியனுப்பக்கூடப் போகலே. கொண்டாங்கோ."

கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து வால்வரை ஜன்னல்களை விரலால் எண்ணினார். "ஜன்னலோரம் கிடைச்சிருக்குமோ?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சகதர்மிணி காபி கொண்டுவந்து வைத்தாள்.

அசோகா இப்போது நடுத்தட்டில், மாமியின் கண்ணுக்கு நேரான உயரத்தில் நிற்கிறது. புத்தாண்டு அன்று காலையில் மாமி கீழே வருவார். அன்று அதைத் துடைப்பது நான் அல்ல.