இரப்பரும் நுண்துகளும்

போர்ட் கிள்ளான் துறைமுகச் சாலைகளில் இரவு பகலாகக் கொள்கலன் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாலை மழை கொட்டும்போதும் அவை ஓய்வதில்லை. பல டன் எடையுள்ள லாரி ஒன்று ஈரச் சாலையில் சறுக்காமல் நிற்க வேண்டுமானால், ஓட்டுநரின் கவனமும் நல்ல பிரேக்கும் மட்டும் போதா. சாலையைப் பற்றிக்கொள்ளும் டயரும் தரமானதாக இருக்க வேண்டும். ஒரு காரின் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. உயிரைக் காக்கும் அந்தச் சிறு பரப்பில் இருப்பது இரப்பர் மட்டுமன்று; இரப்பரோடு கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களும் சேர்ந்த ஒரு கலப்புப் பொருளே அங்கு இருக்கிறது.

இரப்பர் ஒரு பாலிமர். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாக அமைந்த பொருளையே பாலிமர் என்கிறோம். இழுத்தால் அச்சங்கிலிகள் நீளும்; விட்டால் மீண்டும் சுருளும். ஆயினும், மரத்திலிருந்து கிடைத்த இரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே பிணைப்பு உண்டாகி இக்குறை நீங்கும் என்பதை 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார்.

அதன் பிறகும் ஒரு குறை எஞ்சியது. தொடக்கக் காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்தன. விரைவில் தேய்ந்தும் போயின. 1904ஆம் ஆண்டில் லண்டனில், மிக நுண்ணிய கரித்துகளை இரப்பரில் கலந்தால் அதன் உறுதி பெருகுவது கண்டறியப்பட்டது. இன்றைய டயர்கள் கறுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். அழகுக்காக அன்று, உழைப்பதற்காகவே டயர் கறுப்பாயிற்று.

கரித்துகள் எப்படி இரப்பரை வலுவாக்குகிறது? அதன் இரகசியம் அளவில் இருக்கிறது. இத்துகள்களை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். துகள் சிறுத்துக்கொண்டே போகும்போது, அதே எடைக்குக் கிடைக்கும் மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். டயரில் பயன்படும் சிலிக்கா என்னும் துகளை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வகையில், ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு மட்டும் சுமார் 160 சதுர மீட்டர். அதாவது, இரண்டு பூப்பந்துத் திடல்களின் பரப்பு. அவ்வளவு பெரிய பரப்பில் இரப்பர்ச் சங்கிலிகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. அதனால்தான் சிறிய துகள் பெரிய வலிமையைத் தருகிறது.

கரித்துகளுக்கும் ஒரு குறை உண்டு. டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் இரப்பர் அமுங்கி மீள்கிறது. அப்போது உள்ளே கூட்டங்கூட்டமாக இருக்கும் துகள்கள் பிரிந்து சேர்வதால் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த ஆற்றல் எரிபொருளிலிருந்தே வருகிறது. இந்த இழப்பைக் குறைக்கும் ஆற்றல் சிலிக்காவுக்கு உண்டு. மணலிலும் உள்ள இந்தக் கனிமப் பொருள், ஈரச் சாலையில் டயரின் பிடிப்பையும் கூட்டுகிறது.

ஆனால், சிலிக்கா இரப்பரோடு எளிதில் சேராது. சிலிக்கா நீரை விரும்பும். இரப்பர் நீரை விலக்கும். இரண்டையும் வெறுமனே கலந்தால், வெந்நீரில் கொட்டிய மாவைப்போல் சிலிக்கா கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். எண்ணெயையும் நீரையும் சவர்க்காரம் சேர்த்து வைப்பதுபோல், இவ்விரண்டையும் சேர்த்து வைக்க ஓர் இணைப்பான் தேவைப்பட்டது. சிலேன் எனப்படும் வேதிப்பொருள் ஒரு முனையால் சிலிக்காவையும் மறுமுனையால் இரப்பரையும் பற்றிக்கொள்கிறது. இந்த முறையைப் பயன்படுத்தி, 1992ஆம் ஆண்டில் மிச்சலின் நிறுவனம் எரிபொருளைச் சேமிக்கும் சிலிக்கா டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'பசுமை டயர்' என்ற பெயரும் இதற்கு உண்டாயிற்று.

இந்த வெற்றி மலேசியாவுக்கு ஒரு சவாலாகவும் அமைந்தது. போர்ட் கிள்ளான், 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த எண்ணற்ற தொழிலாளர்கள் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் சீவினார்கள். அவர்களின் உழைப்பால் கிடைத்த இரப்பர் இத்துறைமுகத்தின் வழியாக வெளிநாடுகளுக்குச் சென்றது. இன்றோ மலேசிய இரப்பரின் பெரும்பகுதியைச் சிறு தோட்டக்காரர்களே உற்பத்தி செய்கிறார்கள். ஆனால், பசுமை டயரில் முதன்மை இடம் பிடித்ததோ பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் செயற்கை இரப்பர். மரத்து இரப்பரில் இயற்கையாகவே இருக்கும் புரதம் முதலிய பொருள்கள், சிலேனுக்கும் சிலிக்காவுக்கும் இடையே புகுந்து இணைப்பைத் தடுத்துவிடுகின்றன. புதிய டயரில் இடம் கிடைக்காவிட்டால், பால்மரத்தை நம்பி வாழும் குடும்பங்களின் வருமானம் என்னவாகும்?

இதற்கான விடையின் வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் உள்ள துன் அப்துல் ரசாக் ஆய்வகத்தில், மலேசிய இரப்பர் உற்பத்தியாளர்களுக்காகப் பணியாற்றிய அறிவியலாளர்கள், 1980களில் இரப்பர்ப் பாலையே மாற்றியமைக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இரப்பர்ப் பாலோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஃபார்மிக் அமிலத்தையும் சேர்த்தால், சங்கிலியின் சில இடங்களில் ஆக்சிஜன் அணுக்கள் வந்து அமர்கின்றன. இதற்கு எபாக்சி இரப்பர் என்று பெயர். அந்த ஆக்சிஜன் சிலிக்காவை நேரடியாகப் பற்றிக்கொள்ளும். எனவே, தனி இணைப்பான் இல்லாமலே சிலிக்கா நன்கு பரவி இரப்பரை வலுவாக்கும். சங்கிலியில் மாற்றத்திற்கு உரிய 100 இடங்களில் 25 இடங்களை மாற்றிய வகை டயருக்கு ஏற்றது. 1998ஆம் ஆண்டில் உருவான மலேசிய இரப்பர் வாரியம், இவ்வகை இரப்பரை 'எக்கோப்ரீனா' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியுள்ளது.

சிலிக்காவையும் மணலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. நெல் உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. சில டயர் நிறுவனங்கள் உமிச் சாம்பல் சிலிக்காவை ஏற்கனவே பயன்படுத்துகின்றன. சிலாங்கூரின் செகிஞ்சான் வயல்களைப் போன்ற நெல் விளையும் இடங்களில் கழிவாக ஒதுங்கும் உமியும் ஒரு நாள் டயருக்குள் இடம்பெறலாம்.

இருப்பினும், எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. எபாக்சி இரப்பரின் விலை சாதாரண இரப்பரைவிட அதிகம். கொள்கலன் லாரிகளின் டயர்களில் இன்றும் கரித்துகளே பெருமளவில் பயன்படுகிறது. எந்த டயரும் தேயும்போது நுண்ணிய தூளை வெளியிடுகிறது. அது மழைநீரோடு ஆற்றிலும் கடலிலும் கலக்கிறது. இவற்றுக்குத் தீர்வு காணும் பணி இனிவரும் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது.

இரப்பர் தனியே இருந்தால் விரைவில் தேயும். சிலிக்கா தனியே இருந்தால் வெறும் தூள். இரண்டையும் ஒரே கலத்தில் கொட்டினாலும் பயனில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்போதுதான் அவை பாரம் தாங்குகின்றன. ஒரு காலத்தில் பச்சை இரப்பரை மட்டும் ஏற்றி அனுப்பிய நாடு, இன்று அந்தப் பிணைப்பை உருவாக்கும் அறிவையும் தன் கையில் வைத்திருக்கிறது. அந்த அறிவு வளர வளர, பால்மரம் சீவும் கைகளின் உழைப்புக்கும் உரிய மதிப்புக் கூடும்.