டிக்கிக்குள் ஓர் இடி – 7: பதினேழு லிட்டரும் நியூட்டனும்

கார் டிக்கியின் இடது மூலையில் ஸ்பீக்கர் பெட்டிக்காகக் கண்ணாடி இழை மேட் போட்டு, ரெசின் பூசி, காய்ந்ததும் அந்த ஓட்டைப் பெயர்த்தெடுத்தது வரை போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதன் வாயில் ஸ்பீக்கர் மாட்டும் வளையம் நிறுத்தி, துணி இழுத்து, முன்பக்கத்தை மூடுவதாகச் சொல்லியிருந்தேன். மூடுவதற்கு முன் உள்ளே எத்தனை லிட்டர் காற்று நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். அதை அளக்கப் போன இடத்தில் கிடைத்த ஒரு விஷயம் வாரம் முழுக்கத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. துணி சற்றுப் பொறுக்கட்டும்.

மரப்பெட்டி என்றால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் முடிந்தது. நம் ஓட்டில் ஒரு நேர்கோடு கிடையாது. ஒரு பக்கம் சக்கர வளைவு உள்ளே புடைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் டெயில் லைட்டுக்குப் பின்னால் பள்ளமாக ஓடுகிறது. முன்பக்கமோ இன்னும் வரவே இல்லை. அதனால் வளையத்தை அது நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய சாய்வில், குச்சி கொடுத்து ஹாட் க்ளூவால் நிறுத்தினேன். துணி வரப்போகும் இடத்தில் பாலித்தீன் தாளை இழுத்து டேப் ஒட்டினேன். வளையத்தின் ஓட்டை வழியாக, பீன் பேக்கில் போடும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினேன். அரிசியோ மணலோ என்றால் பாரத்தில் பாலித்தீன் தொப்பை தள்ளி அளவு கெட்டுவிடும். தெர்மாகோலில் அந்தத் தொல்லை இல்லை. பிறகு மணிகளை லிட்டர் கோடு போட்ட பெயின்ட் வாளிக்கு மாற்றினேன். 19 லிட்டர். காந்தமும் ஸ்பீக்கர் கூடையும் அடைத்துக்கொள்ளும் இடம், உள்ளே கொடுக்கப்போகும் மர முட்டுகள் எல்லாம் போக 17.

நமக்கு வேண்டியது 20.

இந்த 20 எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் வாரக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெடுத்த ஸ்பீக்கர் எண்களை வைத்து அதைப் போட்டோம். நம் பத்து அங்குல ஸ்பீக்கருக்கு க்யூ.டி.எஸ். (கூம்பின் அதிர்வு எவ்வளவு அடங்கும் என்பதன் அளவு) 0.45, வி.ஏ.எஸ். (கூம்பின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு) 30 லிட்டர், தனி ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸ். வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்கினால் 20 லிட்டருக்கு 0.71 வரும். மூடிய பெட்டியில் எங்கும் மேடு தட்டாமல், முடிந்தவரை ஆழத்துக்கு இறங்கும் இடம் அதுதான். 17 லிட்டரில் அது 0.75 ஆகிறது, பெட்டிக்குள் ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு ஏறிவிடுகிறது. மூன்று ஹெர்ட்ஸ்தானே என்று விடலாம். எனக்கு மனம் வரவில்லை. நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாஸ் நடைகளைக் காரில் முழுசாகக் கேட்க வேண்டும் என்றுதானே இந்த வேலையையே எடுத்தோம்? அந்த அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் வேண்டும்.

ஓட்டைப் பெரிதாக்க வழியில்லை. பின்னால் இருப்பது காரின் தகரம். வளையத்தை முன்னே தள்ளினால் ஸ்டெப்னியை எடுக்க முடியாது. சென்னை ஜி.பி. ரோட்டில் பல வருஷமாகக் காருக்கு ஸ்டீரியோ மாட்டிவரும் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, மூணு லிட்டர் குறையுது."

"ரெக்ரான் பஞ்சு வாங்கி அடைச்சிடு தம்பி. பாக்ஸ் பெருசாயிடும்."

"பஞ்சு அடைச்சா இடம் குறையத்தானே செய்யும்?"

"ஏன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. அடைச்சுப் பாரு, பீட்டு கீழ இறங்கும்."

அந்த 'ஏன்' முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நியூட்டனிடம் கொண்டுபோய் விட்டது.

காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை எந்தச் சோதனையும் இல்லாமல், காற்றின் எடையையும் அதன் விறைப்பையும் மட்டும் வைத்துக் கணக்கிட்ட முதல் ஆள் நியூட்டன். 1713-இல் வந்த அவருடைய 'பிரின்சிபியா' நூலின் இரண்டாம் பதிப்பில் அவர் கணக்குக்கு வந்த விடை நொடிக்கு 979 அடி. அதற்குச் சில வருஷம் முன்னால் வில்லியம் டெர்ஹாம் என்ற பாதிரியார் லண்டனுக்குக் கிழக்கே அப்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தில் ஏறி நின்று, 12 மைலுக்கு அப்பால் பிளாக்ஹீத்தில் பீரங்கி வெடிக்கும் ஒளியைத் தொலைநோக்கியில் பார்த்து, சத்தம் வந்து சேரும்வரை நேரம் எண்ணியிருந்தார். ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் கண்ட வேகம் நொடிக்கு 1142 அடி. கணக்குக்கும் காதுக்கும் நடுவே 163 அடி இடைவெளி. நியூட்டன் என்ன செய்தார்? காற்றின் துகள்களுக்கும் தடிமன் உண்டு, அதற்குள் ஒலி நேரமே எடுக்காமல் தாவிவிடும் என்று 109 அடி சேர்த்தார். காற்றில் கலந்த நீராவி ஒலியைச் சுமப்பதில்லை என்று மிச்சத்தையும் சேர்த்தார். கடைசியில் 1142 அடி அச்சுப்பிசகாமல் வந்து நின்றது. இந்த ஒட்டுவேலையைப் பற்றி வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் வெஸ்ட்ஃபால் 1973-இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

உண்மையான காரணத்தை 1816-இல் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் வெளியிட்டார். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோருக்கும் அது கையில் தெரிந்த விஷயம். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். சூடேறிய காற்று இன்னும் பலமாகத் திருப்பித் தள்ளும். ஒலியலையில் அமுக்கமும் தளர்வும் அவ்வளவு வேகமாக மாறுவதால், அந்தச் சூடு எங்கும் போய்த் தணிய நேரமில்லை. நியூட்டன் கணக்குப் போட்டது எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கும் காற்றுக்கு. நிஜக் காற்று அதைவிட 1.4 மடங்கு விறைப்பு. ஒலியின் வேகம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; 1.4-இன் வர்க்கமூலம் சுமார் 1.18. அதை 979-ஆல் பெருக்கிப் பாருங்கள். டெர்ஹாமின் பக்கத்தில் வந்து நிற்கும்.

இனி நம் பெட்டி. மூடிய பெட்டியில் காற்றுதான் ஸ்பிரிங். பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைக்கும். நம் குறை அதுதான். அந்த விறைப்பில் ஒரு பங்கு சூட்டினால் வருவது என்றால், சூட்டை உறிஞ்சிக்கொள்ள உள்ளே ஏதாவது வைத்தால் ஸ்பிரிங் தளரும். லிட்டர் கூடாமலே பெட்டி பெரிதானதுபோல ஸ்பீக்கர் நடந்துகொள்ளும். அந்த வேலையைத்தான் பஞ்சு செய்கிறது. நியூட்டன் காகிதத்தில் கண்ட ஒரே வெப்பக் காற்று, தலையணைப் பஞ்சு அடைத்த பெட்டிக்குள் ஓரளவு நிஜமாகவே உண்டாகிவிடுகிறது!

எவ்வளவு சூடு என்று போட்டுப் பார்த்தேன். பத்து அங்குல கூம்பின் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் மூன்றில் ஒரு லிட்டர் காற்றை அமுக்குகிறது. 17 லிட்டரில் இரண்டு சதவீதம். அதற்கே உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் இரண்டு டிகிரிக்கு மேல் சூடேறும். கூம்பு வெளியே போகும்போது அதே அளவு குளிரும். 40 ஹெர்ட்ஸில் நொடிக்கு நாற்பது தடவை இது நடக்கிறது. அந்த அவகாசத்தில் காற்றுக்குள் சூடு நகரக்கூடிய தூரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெட்டிச் சுவர் அத்தனை தூரத்தில் இருக்க, சூடு எங்கே போய்ச் சேரும்? பஞ்சை அடைத்தால், காற்றின் எந்தப் புள்ளிக்கும் அந்த அரை மில்லிமீட்டரை ஒட்டி ஓர் இழை வந்துவிடுகிறது. அமுங்கும்போது சூட்டை வாங்கி, தளரும்போது திருப்பிக் கொடுக்கிறது.

கணக்குப்படி பெட்டி 1.4 மடங்குவரை பெரிதாகலாம். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. பத்து முதல் இருபது சதவீதம் கிடைத்தால் நல்ல வேலை. நமக்குத் தேவை பதினெட்டு. எட்டிப்பிடிக்கக்கூடிய தூரம்தான். லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் வரை அடைப்பது வழக்கம். நமக்கு 150 கிராமில் தொடங்கி 250 வரை போகலாம். அதற்கு மேல் திணித்தால் பஞ்சே இடத்தை அடைத்துக்கொண்டு எதிர்விளைவு வரும். உதிரியாகப் பிய்த்துப் போடுங்கள், காந்தத்தின் பின்துளையை மூடாதபடி வலைத்துணியால் கட்டிவையுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம். கட்டிபிடிக்கும்.

மூடிய பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக நம்பலாம் என்று 1954-இல் உலகுக்குக் காட்டிய எட்கர் வில்ச்சூரும் தன் ஏ.ஆர்.-1 பெட்டிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சைத்தான் அடைத்தார். அவருடைய முதல் மாதிரியில் கூம்பைச் சுற்றிய வளையம் மெத்தை உறைத் துணி. அதற்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி; உலகப்போர்க் காலத்தில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். நாம் கண்ணாடி இழையைப் பெட்டியின் சுவராக்குகிறோம். அவர் பெட்டியின் வயிற்றில் வைத்தார்.

சுவர் என்றதும் இன்னொரு எண். அதே இரண்டு சதவீத அமுக்கத்தில், ஓட்டின் ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 25 கிலோ பாரம் வெளியே தள்ளுகிறது, பிறகு உள்ளே இழுக்கிறது, நொடிக்கு நாற்பது தடவை. சுவர் அசைந்தால் கூம்பின் உழைப்பு அதில் வீணாகும். வளைந்த இடங்கள் இதைத் தாங்கிவிடும். டெயில் லைட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஓர் இடம் இருக்கிறதே, அதுதான் கவலை. அங்கே இன்னும் எத்தனை மேட் போட வேண்டும் என்று காசிமேட்டில் ஃபைபர் போட் செய்யும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது நிறைய இருக்கிறது, துணியோடு சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் 18 மி.மீ. எம்.டி.எஃப்.பில் வளையம் வெட்டி, வெளி விளிம்பை உருட்டித் தேய்த்து வையுங்கள். கூர்மையாக விட்டால் துணி அந்த இடத்தில் ரெசினைப் பிடிக்காது. நாலு பக்கமும் இழுபடும் ஃப்ளீஸ் துணி ஒன்றரை மீட்டர் வேண்டும். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை மட்டும் இப்போதே வாங்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். வேலை செய்யும் அன்று காலையில் வாங்கினால் போதும்.