உங்களுக்குத் தெரியுமா? கோணல் கோட்டில் ஒரு காந்தி

● செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மீன் வாங்க நீட்டும் நோட்டில் காந்தி சிரிக்கிறாரே, அது ஓவியரின் கற்பனை இல்லை. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக் லாரன்ஸ் பக்கத்தில் நின்றபோது எடுத்த போட்டோவிலிருந்து வந்த சிரிப்பு. அமைச்சரை வெட்டிவிட்டார்கள்.

● ரூபாய் நோட்டில் காந்தி முதன்முதலாக வந்தது 1969இல், பிறந்த நூற்றாண்டின் நினைவாக. பின்னால் சேவாகிராம ஆசிரமம், முன்னால் சம்மணமிட்ட காந்தி.

● அதே 1969இல், துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் சென்னையில் உட்கார்ந்து கறுப்பு மையில் காந்தியை வரைந்துகொண்டிருந்தார். ஒன்றிரண்டு அல்ல, நூறு அளவுக்கு. கோட்டின் மேல் கோடு இழுத்துப் பின்னிய முகங்கள். 'மூக்கு சரியில்லையே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூக்கை விடுங்கள், வருடத்தைப் பாருங்கள். காந்தி பேரைச் சொல்லி வளர்ந்த காங்கிரஸ் 1967இல் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது. 1969இல் இரண்டாக உடைந்தது. ஊரெங்கும் நூற்றாண்டு விழா, மாலை, மைக். அந்தச் சத்தத்துக்கு நடுவே இந்த முகம் தனியாக நிற்கிறது. ஓவியர் எழுதிவைத்த விளக்கம் இல்லை இது, என் கண்ணுக்குப் படுவது.

● ஆதிமூலம் ராஜாக்களையும் வரைந்தார். ஆடம்பரம் குறையவில்லை, ஆனால் கம்பீரம் கழன்றுவிட்டது. நிஜ ராஜாக்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியம் ஒழிந்தது 1971இல்.

● முகத்தைச் சிதைத்து வரைந்தால் வெளிப்பாட்டியம் (எக்ஸ்பிரஷனிசம்) என்பார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் முகத்தைச் சிதைத்தது பசி. ஓவியர் சித்தபிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பட்டினி கிடந்தவர்களைப் பேரோடும் ஊரோடும் வரைந்தார். அந்தப் படங்கள் வந்த 'ஹங்க்ரி பெங்கால்' புத்தகத்தின் சுமார் 5,000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. பேரில்லாத எலும்புக்கூடு என்றால் விட்டிருப்பார்களோ என்னவோ.

● அதே பஞ்சத்தை இன்னொரு ஓவியர் ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருவில் வரைந்தார், சாதாரண பேக்கிங் காகிதத்தில். மையும் கரியைக் கொண்டு தயாரித்தது.

● ஜெர்மனியில் தொழிலாளர் வீட்டுத் தாய்மார்களை வரைந்த கேத்தே கோல்விட்ஸின் கணவர், பெர்லினின் ஏழைப் பேட்டையில் டாக்டர். அவர் கிளினிக்குக்கு வந்த பெண்கள்தான் படங்களிலும் வந்தார்கள்.

● எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடர் ஜூனியர் விகடனில் வந்தபோது படம் போட்டவரும் ஆதிமூலமே. கேலரி வாசலை மிதிக்காதவர்களும் நவீன ஓவியத்தைப் பார்த்தார்கள், சலூன் பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தபடி.