கைக்குள் அடங்கும் மோட்டார் கார்

காரைநகரிற் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு காலத்தில் வண்டி கட்டியவர்களே. குடித்து முடித்த நுங்குக் கோம்பைகள் இரண்டினிடையே ஒரு தடியைச் செருகி, கவர்விட்ட கொப்பொன்றால் அதைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கை நெடுக ஓடாதவர் எவருமிலர். மீன்ரின்னின் அடியில் ஆணியால் துளையிட்டு, அறுந்த செருப்பின் றப்பரை வட்டமாக வெட்டி மாட்டினால் அது பஸ் வண்டியாகிவிடும். அந்த விளையாட்டைச் சற்று வயதேறிய பின்னர், அளவுகோலும் அரமும் கையிற்கொண்டு தொடர்வதுதான் சிற்றுருக் கலை. இன்று நான் நேயர்களுக்குச் சொல்லப்போவது, பழைய மோட்டார் காரொன்றின் சிற்றுருவை முழுதும் கையாலேயே செய்வது எங்ஙனம் என்பதைப் பற்றியாகும்.

இக்கலையில் இருவகை உண்டு. ஒன்று, பெட்டியில் அடைத்து விற்கும் பிளாஸ்ரிக் பாகங்களை வாங்கிப் பசையிட்டுப் பொருத்துவது. மற்றையது, மரம், தகரம், கம்பி முதலிய மூலப்பொருள்களிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் தாமே ஆக்கிக்கொள்வது. அமெரிக்க நாட்டில் இவ்விரண்டிற்கும் விருப்பமான உருவங்களுள் ஒன்று ‘ஸ்ரொக் கார்’ எனப்படும் பந்தயக் கார். முற்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த சாதாரணக் காரையே எடுத்து, ஆசனங்களைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்க்கூடு அமைத்து, இயந்திரத்தைத் திருத்திப் பந்தயத்தில் ஓட்டினார்கள். அப்பந்தயங்களை நடத்தும் ‘நாஸ்கார்’ என்னும் சங்கம் 1948ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் என்னும் சிறிய கார் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அந்தக் காரையும் அதன் உறவினரான ஒஸ்ரின் கார்களையும் அறியாதார் இல்லை. அவையும் மாற்றியமைக்கப்பட்ட கார்களே. ஆனால் அங்கே வேகத்துக்காக மாற்றினார்கள். இங்கே எப்படியாவது ஓடவேண்டும் என்பதற்காக மாற்றினோம்.

இதனைச் சற்று விளக்கவேண்டும். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கைக்குப் புதிய கார்கள் வருவது அரிதாயிற்று. ஆகவே இருந்தவற்றையே ஒட்டுப்போட்டு ஓட்டினர். பாகம் கிடையாவிடின் கடைசற்பட்டறையில் கடைந்துகொண்டனர். இந்தத் திறமை நாடெங்கும் வளர்ந்தது. 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்து, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலையொன்றும் இயங்கியது. வடக்கிலோ 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அப்பொழுதுதான் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயிற் பழகின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலில் ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊதிவிட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். பழைய ஆங்கிலக் கார்களின் இயந்திரங்கள் எரிகலவையை மிகுதியாக அழுத்தாதவை. அதனாலேயே அவை இந்தத் தாழ்ந்த எரிபொருளைத் தாங்கின. புதிய கார்களாயின் தட்டுண்டு கெட்டிருக்கும். வெண்புகையும் கண்ணெரிவும் அதற்கு நாம் கொடுத்த விலை.

என் பெரியப்பாவிடம் இருந்தது நான்கு கதவு மொறிஸ் மைனர். 1991இல் காரைநகர் மக்கள் இடம்பெயர்ந்தபோது, எங்கள் குடும்பத்தாரைப் பொன்னாலைப் பாலத்தின் வழியாக அக்கரை சேர்த்தது அந்தக் கார்தான். பின்னர் நான்கு ஆண்டுகள் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அதனை ஒரு வளவில் விட்டுச்செல்ல நேர்ந்தது. திரும்பிவந்து பார்த்தபொழுது கார் இல்லை. அயல் வளவொன்றிலே கோழிக்கூட்டின் வாசலாக அதன் முன்கதவொன்று மட்டும் நின்றது. அந்தக் கதவும் ஒரு கலியாணப் படமுமே எனக்குக் கிடைத்த மூலச்சான்றுகள். இவற்றைக்கொண்டு அக்காரை மீண்டும் ஆக்கமுடியுமா என்பதே கேள்வி.

சிற்றுரு செய்பவர் முதலில் தீர்மானிக்கவேண்டியது அளவு விகிதம். நான் இருபத்துநான்கில் ஒன்று என்பதைத் தெரிந்தேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று மனத்திற் கொள்ளலாம். மொறிஸ் மைனரின் நீளம் ஏறக்குறைய 148 அங்குலம், அகலம் 61, உயரம் 60. முன்சில்லின் அச்சிலிருந்து பின்சில்லின் அச்சுவரை 86 அங்குலம். இவற்றை 24ஆல் வகுத்தால் சிற்றுருவின் நீளம் 157 மில்லிமீற்றர், அகலம் 64.5, உயரம் 63.5, சில்லிடைத் தூரம் 91 என வரும். உள்ளங்கையில் அடங்கும் வண்டி.

அளவு தெரியாத பாகங்களுக்கு என் செய்வது? பக்கவாட்டில், சற்றுத் தூரத்தில் நின்று எடுத்த நிழற்படம் இருந்தால் போதும். எமது கலியாணப் படம் ஈழத்துச் சிதம்பரத்தின் முன்றலில் அவ்வாறு எடுக்கப்பட்டதாக அமைந்தது நற்பேறு. அதிற் சில்லிடைத் தூரம் 43 மில்லிமீற்றர். உண்மையில் அது 86 அங்குலம். ஆகவே படத்தில் ஒரு மில்லிமீற்றர் காரில் இரண்டு அங்குலத்துக்குச் சமம். யன்னலின் உயரம், கைப்பிடியின் இடம், பின்புறச் சரிவு ஆகியவற்றை இப்படியே கணித்துக்கொள்ளலாம். மாலையும் தோரணமும் மறைத்த முகப்பை மட்டும் படம் காட்டவில்லை.

வளைவுகளைக் கதவு தந்தது. ஈயக்கம்பியொன்றைக் கதவின்மேல் அழுத்தி வளைத்தால் அதன் புடைப்பைக் கம்பி வாங்கிக்கொள்ளும். அதனைப் பெரிய தாளில் வைத்துக் கோடிழுத்து, தாள் முழுவதும் 24 மில்லிமீற்றர் சதுரக் கட்டங்கள் வரைந்தேன். பள்ளிப்பிள்ளைகளின் வரைபுத் தாளிலோ ஒரு மில்லிமீற்றர் கட்டங்கள் அச்சிலேயே உள்ளன. பெரிய கட்டத்திற் கோடு எவ்விடத்திற் புகுந்து எவ்விடத்தில் வெளியேறுகின்றதோ, அவ்வாறே சிறிய கட்டத்திற் குறித்துச் சென்றால், எவ்விதக் கணக்குமின்றிக் கோடு இருபத்துநான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது.

உடலுக்கு முள்முருக்கு மரம் எடுத்தேன். மென்மையானது, இலேசானது, உளிக்கு இணங்குவது. பனைமரம் இத்தொழிலுக்கு ஆகாது. நார் பிளந்து விரலில் ஏறும். மட்டையில் வெட்டிய வளைவச்சுகளை அடிக்கடி மரத்தின்மேல் வைத்துப் பார்த்து, ஒளி புகும் இடத்தை விட்டு, முட்டும் இடத்தைச் செதுக்கவேண்டும். இவ்வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று புத்தகங்கள் கூறுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது நல்ல வெளிச்சம். மாலையிற் செதுக்கியதெல்லாம் காலையிற் கோணலாகவே தோன்றிற்று.

மரக்கட்டை திண்மையானது, காரோ உள்ளீடற்றது. யன்னலினூடாக ஆசனமும் சுக்கானும் தெரியவேண்டுமாயின் மெல்லிய ஓடு வேண்டும். இங்குதான் எமது ஊரின் தொழிலறிவு கைகொடுத்தது. காரைநகரிற் சீநோர் நிறுவனத்தின் படகுத்துறை இருந்த காலத்திலிருந்தே, பைபர் எனப் பொதுவாக வழங்கும் கண்ணாடியிழையின் பக்குவம் இப்பகுதியில் அறியப்பட்டது. முதலில் மரத்தால் மூலவுரு. அதன்மேல் மெழுகு பூசி எடுக்கும் குழிவான அச்சு. அந்த அச்சின் உட்புறத்தில் இழையும் றெசினுமாகப் படியவைத்த ஓடு. படகுக்கும் இதுவே முறை, காருக்கும் இதுவே முறை. றெசினுடன் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு உறைதிரவம் கலக்கப்படும். இத்திரவம் கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு விளையும். கண்ணாடி அணியாது இதைத் தொடலாகாது.

நான் செய்த தவறு யாதெனில், அச்செடுக்கும் வேலையை மிச்சம்பிடிக்க எண்ணி, இழையை மரவுருவின் மேலேயே ஒட்டியதுதான். ஓடு நன்றாகவே உறைந்தது. அளந்து பார்த்தால் அகலம் 67 மில்லிமீற்றர்! பக்கத்துக்கு ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்பு ஏறிவிட்டது. உண்மைக் காரில் இது இரு பக்கமும் சேர்ந்து இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேலாகும். கார் பருத்து, ஊதிய கன்னத்துடன் நின்றது.

அந்த வேளையில் நினைவுக்கு வந்தவர் அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். மொறிஸ் மைனரின் முதல் மாதிரி ஒடுங்கியதாய் அவர் கண்ணுக்குப் பொருந்தவில்லையாம். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய்ப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் நிறுத்தினார். முகப்பு மூடியின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தடயமே. முதற்காலத்து வண்டிகளின் பம்பரில்கூட நடுவே ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அவர் அகலப்படுத்தப் பிளந்தார். நான் ஒடுக்கப் பிளந்தேன். ஓட்டை நெடுக அறுத்து, இரண்டரை மில்லிமீற்றர் பட்டையொன்றை எடுத்தெறிந்து மீண்டும் ஒட்டினேன். ஆயின் அவ்வாறு செய்ததிற் பட்டையின் அகலம் குறைந்துபோயிற்று. மொறிஸ் மைனரில் அந்தப் பட்டை குறைந்தால் அது மொறிஸ் மைனர் அன்று. ஈற்றில் ஓட்டை ஒதுக்கிவிட்டு, முறைப்படி குழிவச்சு எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன்.

தடிப்பைப்பற்றி இன்னொன்று. உண்மைக் காரின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அதை 24ஆல் வகுத்தால் எழுதும் தாளிலும் மெல்லியதாகிவிடும். அத்தகைய தகட்டைக் கையாள முடியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும், அதாவது யன்னலோரத்தையும் சில்லின்மேல் வளைவையும், உட்புறமாக அராவி மெலிதாக்கினாற் போதும். கண் விளிம்பைப் பார்த்தே தடிப்பைக் கணிக்கின்றது. வர்ணத்துக்கும் இதே விதி. கனமாகப் பூசினாற் கதவிடுக்குகள் மூடிக்கொள்ளும், பொம்மைத்தன்மை வந்துவிடும்.

சில்லுகளுக்குத் தண்ணீர்ப் பம்பியின் றப்பர் வளையங்கள் பயன்பட்டன. வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர் வேண்டும். முன்கண்ணாடி எளிது. 1956 வரை வந்த வண்டிகளில் அது நடுவே பிரிந்த இரு தட்டைக் கண்ணாடிகளாகவே இருந்தது. நிறத்தைக் கதவே சொல்லிற்று: மேற்பூச்சைச் சுரண்டினால் கறுப்பு, அதன்கீழ்ச் சாம்பல், அதன்கீழ்ப் பச்சை. பெரியப்பா வாங்கியது பச்சைக் கார். நான் ஏறியது கறுப்புக் கார். நான் கறுப்பையே பூசினேன். கடற்காற்றில் அரித்த கதவடிகளில் ஒட்டுப்போட்ட தகரத்தை, பால்மாப் பேணியின் ஈயத்தாளால் ஒட்டிக் காட்டினேன். முகப்பு மூடியின் கீழே மண்ணெண்ணெய்க்கென வைத்த சிறு தகரத் தொட்டியும் உண்டு.

இலக்கத்தகடு பெருஞ்சிக்கலாயிற்று. முன்னாளில் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.வை. போன்ற இரட்டை எழுத்துகள் வழங்கின. பின்னர் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் இயக்கம் எழுந்து, தகடுகளில் தமிழ் ஸ்ரீ எழுதப்பட்டமை நேயர்கள் அறிந்ததே. எனவே ஒரு தகட்டில் எந்த எழுத்தை இடுவது என்பது வெறும் அலங்கார வினா அன்று. உறவினரிடையே இது பற்றி இரு கட்சிகள் தோன்றின. பழைய வரிப்பத்திரம் ஒன்று ஒரு பெட்டகத்தின் அடியில் அகப்படும்வரை தகட்டை வெறுமையாகவே விட்டிருந்தேன். அதில் இருந்தது ஈ.வை.

முடிந்த காரைப் பெரியம்மாவின் கையிற் கொடுத்தேன். கண்பார்வை குறைந்தவராதலால் விரலால் தடவிப் பார்த்தார். முகப்புப் பட்டையை ஒருமுறை, கூரையை ஒருமுறை, பிறகு பின்கதவில் விரல் நின்றது.

“மோனை, இந்தக் கதவு பூட்டுப்படுறேல்லையே. கயிறு எங்கை?”

அது என் நினைவில் இருக்கவே இல்லை. பொன்னாலைப் பாலத்தைக் கடந்த அன்று அந்தக் கதவைக் கயிற்றால் கட்டி, அதன் அருகே என்னை இருத்தாமல் நடுவில் இருத்தியதாகப் பெரியம்மா கூறினார். மறுநாள் தும்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்தெடுத்து, பின்கதவின் கைப்பிடியிலிருந்து நடுத்தூண்வரை கட்டிவிட்டேன்.