யாழாய்வும் கையெழுத்துத் தாள்களும்

வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் துணைகொண்டு, கணித நெறியால் ஆராய்ந்துரைத்தவர் விபுலாநந்த அடிகளார் (1892–1947). அவர்தம் ‘யாழ் நூல்’ 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுதிங்களே அடிகளார் மறைந்தார். அச்சு நூல் ஆய்வின் முடிவைத் தரும். கணக்கிட்டு, ஐயுற்று, அடித்துத் திருத்திய வழியைக் கையெழுத்துத் தாள்களே காட்டும். ஆதலின் ஆய்வாளரின் தாள்களும் நூலோடு ஒப்பக் காக்கத்தக்கன என்பது எம் கருத்து.

இக்கடமை மலாக்கா மாநிலத்தில் வாழும் நமக்கும் உண்டு. தோட்டங்களை விட்டு நகர்களில் குடியேறிய குடும்பங்களிடம் வீணை, வயலின் பயிற்றியோரின் சுரக் குறிப்பேடுகள் இருத்தல் கூடும். அவற்றைப் பெறுங்கால் தாள்களின் வரிசையைக் குலைத்தலும் நெகிழித்தாள் ஒட்டுதலும் ஆகா. தந்தவர் பெயரையும் நாளையும் உறைமேல் பென்சிலால் குறித்து, அமிலமற்ற அவ்வுறையிலிட்டு, ஈரமும் கறையானும் அணுகாவண்ணம் வைத்தல் வேண்டும். எழுதியவரை அறிந்த முதியோர் வாழுங்காலத்தே விவரம் கேட்டுப் பதிதல் தமிழாசிரியர் கடனெனக் கருதுகின்றோம்.