‘டிக்’ சத்தமா? ஒளிக்கதிரா?

1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டு தெரியுமா? அதில் ‘ஹடோக்கென்’ என்ற சக்திப் பந்தை வீச, ஜாய்ஸ்டிக்கைக் கீழே, சாய்வாக முன்னே, நேராக முன்னே தள்ளி, குத்துப் பொத்தானை அழுத்தணும்.

குன்னூரில் மழைக்காலம் முடிந்தபின் எனக்கு அது வரவே இல்லை. “டேய், உனக்கு ஆடத் தெரியல!” என்றான் அண்ணன்.

ஒயரைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தேன். நாலு திசைக்கு நாலு மைக்ரோ ஸ்விட்ச். சாய்வாகத் தள்ளினால் இரண்டு சேர்ந்து அமுங்கும். உள்ளே மெல்லிய உலோகத் தகடு ‘டிக்’கென்று துள்ளி மின்சாரத்தை இணைக்கும். கம்ப்யூட்டர் மவுஸ் பொத்தானிலும் இதேதான். நாலும் ‘டிக்’ என்றன!

சந்தேகத்தில் மேல், கீழ் ஒயர்களை மாற்றிப் போட்டேன். மேலே தள்ளினால் வீரன் குனிந்தான். கீழே தள்ளினால் அசையவில்லை. ஆக, கோளாறு கீழ் ஸ்விட்சில்தான். சத்தம் வந்தாலும் உள்ளே முனைகள் சரியாகத் தொடவில்லை. நம்ம ஊர் ஈரத்தில் முனையில் களிம்பு பிடிப்பதுண்டு.

ஆப்டிகல் ஜாய்ஸ்டிக்கில் தொடுமுனையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தண்டு மறைத்தால் திசை பதிவாகும். சத்தமில்லை, தேய்மானமும் குறைவு. ஆனால் கதிருக்குத் தனியாக மின்சாரம் வேணும். கெட்டால் பழுது பார்ப்பதும் கஷ்டம்.

நான் ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றினேன். ஹடோக்கென் வந்துவிட்டது! அண்ணன் வாயே திறக்கவில்லை.

நண்பர்களே, உங்க கையைக் குறை சொல்லுமுன் ஸ்விட்சைச் சோதிச்சுப் பாருங்க!